பயனுள்ளவன் என்றொரு பெயர்

பண்டைய கிரேக்கர்கள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் பெயர் வைத்தார்கள். பெரிக்ளிஸ் என்றால் புகழ் சூழ்ந்தவன். தெமிஸ்டோக்ளிஸ் என்றால் நீதியால் புகழ் பெற்றவன். டெமாஸ்தனீஸ் என்றால் மக்களின் வலிமை. பிலிப் என்றால் குதிரைகளை விரும்புகிறவன். குதிரை கட்டிப் பராமரிக்கும் வசதியுள்ள குடும்பம் என்று ஊருக்கே அறிவிக்கும் பெயர் அது. ஏதென்ஸில் குழந்தை பிறந்த பத்தாம் நாள் உற்றார் உறவினரைக் கூட்டி, தெய்வத்துக்குப் பலியிட்டு, விருந்து வைத்துப் பெயர் சூட்டுவார்கள். மூத்த மகனுக்குப் பெரும்பாலும் தந்தைவழிப் பாட்டனாரின் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்துப் பழகிய நமக்கு இந்த வழக்கம் அந்நியமாகத் தோன்றாது. அந்தப் பெயரோடு தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் சேரும். மூன்றையும் சேர்த்துச் சொன்னால் அவன் குடிமகன், அவனுக்கு ஒரு வீடும் வம்சமும் உண்டு என்று அர்த்தம்.

அதே ஊரில், அதே தெருவில் வேறு வகைப் பெயர்களும் புழங்கின. ஒனேசிமோஸ் அவற்றில் ஒன்று. ஆதாயம், நன்மை என்று பொருள்படும் ‘ஒனேசிஸ்’ என்ற சொல்லோடு பிறந்தது அது. ஒனேசிமோஸ் என்றால் பயனுள்ளவன், ஆதாயம் தருகிறவன். காதுக்கு இனிய பெயர், பொருளும் நல்ல பொருள். சுதந்திரமான மனிதர்களும் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். கி.மு. 500 வாக்கில் ஏதென்ஸில் மண் கிண்ணங்களின் மேல் அற்புதமான ஓவியங்கள் தீட்டிய ஒருவருடைய பெயர் ஒனேசிமோஸ். டிராய் நகரத்தின் வீழ்ச்சியை அவர் வரைந்த பெரிய கிண்ணம் ஒன்றை அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று 1999-இல் இத்தாலிக்குத் திருப்பிக் கொடுத்தது. அலெக்சாந்தரோடு வந்து தட்சசீலத்துத் துறவிகளைச் சந்தித்துப் பேசிய ஒனேசிக்ரிட்டோஸின் பெயரும் இதே வேரில் முளைத்ததுதான். ஆனாலும் கிரேக்கம் பேசிய உலகத்தில், ரோமர்கள் ஆண்ட காலத்தில், இந்தப் பெயர் அதிகமாக ஒட்டிக்கொண்டது அடிமைகளின் மேல். பயனுள்ளவன் என்ற பெயரை ஒரு தகப்பன் மகனுக்கு வைத்தால் அது வாழ்த்து. விலை கொடுத்து வாங்கியவன் வைத்தால் அது கணக்கு.

அடிமைக்குப் பெயர் எப்படி வந்தது என்பதை ரோம அறிஞர் வர்ரோ மொழி பற்றிய தன் நூலில் போகிற போக்கில் சொல்கிறார். மூன்று பேர் எபேசு நகரத்துச் சந்தையில் ஆளுக்கு ஓர் அடிமையை வாங்குகிறார்கள். ஒருவன், விற்றவனின் பெயர் ஆர்ட்டெமிடோரஸ் என்பதால் தன் அடிமைக்கு ஆர்ட்டெமாஸ் என்று பெயரிடுகிறான். இன்னொருவன், வாங்கிய நாடு அயோனியா என்பதால் அயோன் என்கிறான். மூன்றாமவன், வாங்கிய ஊரை வைத்து எபேசியன் என்கிறான். வர்ரோவுக்கு இது இலக்கணத்துக்கான உதாரணம் மட்டுமே. படிக்கிற நமக்கு அந்த மூன்று பேர் கண்முன் நிற்கிறார்கள். விற்றவன் பெயர் இருக்கிறது, விற்ற ஊர் இருக்கிறது, விற்ற நாடு இருக்கிறது. பெற்றவள் கூப்பிட்ட பெயரை யாரும் கேட்கவில்லை.

ஸ்டிராபோ என்ற புவியியல் அறிஞரும் இதையே உறுதி செய்கிறார். ஏதென்ஸ்காரர்கள் லிடியாவிலிருந்து வந்தவனை லிடோஸ் என்றும், சிரியாவிலிருந்து வந்தவனை சிரோஸ் என்றும் அழைத்தார்கள். பிரிகியாக்காரன் என்றால் மானேஸ் அல்லது மிடாஸ். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில், பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதில் தவறேதும் இல்லை என்று வாதிடும் ஹெர்மோஜெனீஸ் அதற்குச் சான்றாக எடுத்துக்காட்டுவது, நாம் நம் அடிமைகளின் பெயரை மாற்றுகிறோமே என்பதைத்தான். டயோடோரஸ் குரோனஸ் என்ற தத்துவவாதி இன்னும் ஒரு படி மேலே போனார். சொற்களுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை என்று நிரூபிக்க, பேச்சில் வந்துபோகும் வெறும் இணைப்புச் சொல்லைத் தன் அடிமை ஒருவனுக்குப் பெயராக வைத்தார். மொழியைப் பற்றிய ஒரு கருத்தை நிறுவ ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதும் பயன்பட்டது.

இந்தச் சூழலில் ஒனேசிமோஸ் என்ற பெயர் கருணையானதாகக்கூடத் தெரியலாம். ஊர்ப் பெயரால் அழைப்பதைவிட, பொருளற்ற சொல்லால் அழைப்பதைவிட, பயனுள்ளவன் என்று அழைப்பது பாராட்டுத்தானே? அப்படித்தான் சொன்னவர்களும் நினைத்திருப்பார்கள். கிரெஸ்டோஸ் என்றால் நல்லவன், உபயோகமானவன். கார்போஸ் என்றால் பலன். சிம்போரோஸ் என்றால் ஆதாயமானவன். அடிமைகளின் பெயர்ப் பட்டியல் முழுவதும் இப்படிப் பாராட்டுகள் நிறைந்திருக்கின்றன. அந்தப் பாராட்டுகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பாராட்டப்படுகிறவன் யார் என்று அவை சொல்வதில்லை. பாராட்டுகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்றுதான் சொல்கின்றன.

இன்றைய துருக்கியின் தென்மேற்கில், தெனிஸ்லி நகரத்தை ஒட்டி ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அன்று அதன் பெயர் லைகஸ் பள்ளத்தாக்கு. பிரிகியா நாட்டில் அடங்கிய பகுதி, ஆட்டு ரோமத்துக்குப் பெயர் போனது. ஒரு பக்கம் வெந்நீர் ஊற்றுகளும் வெண்ணிறச் சுண்ணப் படிக்கட்டுகளும் உள்ள ஹியராபொலிஸ். இப்போது பாமுக்காலே என்று சுற்றுலாப் பயணிகள் குவியும் இடம். மறுபக்கம், இன்று வெறும் மேடாகக் கிடக்கும் கொலோசெ. முதல் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சிறு பள்ளத்தாக்கு இரண்டு அடிமைகளை வரலாற்றுக்குக் கொடுத்தது. ஹியராபொலிஸில் பிறந்தவர், நீரோ மன்னனின் செயலாளராக இருந்த எபாப்ரோடிட்டஸின் அடிமையாக ரோமுக்குப் போய், விடுதலை பெற்று, பின்னாளில் பேரரசர்கள் படித்துப் போற்றிய தத்துவ ஆசிரியரானார். உலகம் அவரை எபிக்டெட்டஸ் என்று அறியும். அது பெயர் என்று சொல்வதுகூடக் கடினம். எபிக்டெட்டஸ் என்றால் ‘ஈட்டிச் சேர்க்கப்பட்டவன்’ என்றே பொருள். தன் மனத்தை யாராலும் அடிமை கொள்ள முடியாது என்று உலகுக்குப் போதித்தவரை உலகம் இன்றுவரை சந்தைச் சரக்கின் பெயரால்தான் அழைக்கிறது.

இரண்டாமவர் கொலோசெ ஊரைச் சேர்ந்தவர். அவர்தான் ஒனேசிமோஸ். தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்கு அவர் ஒநேசிமு. பிலேமோன் என்ற வசதியான கிறிஸ்தவருக்கு அடிமையாக இருந்தவர். எஜமானுக்கும் அவருக்கும் ஏதோ பிணக்கு ஏற்பட்டு அவர் வீட்டை விட்டு வெளியேறியிருக்கிறார். ஓடிப்போனவர் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் விளக்கம். சிறையில் இருந்த அப்போஸ்தலர் பவுலிடம் வந்து சேர்ந்து, கிறிஸ்தவராகி, அந்த முதியவருக்குத் துணையாக இருந்திருக்கிறார். அவரைத் திருப்பி அனுப்பும்போது பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதம் பைபிளில் இருக்கிறது. 25 வசனங்கள் மட்டுமே கொண்ட கடிதம், பவுலின் பெயரில் உள்ளவற்றிலேயே மிகச் சிறியது. ஒரு பப்பிரஸ் தாளில் அடங்கிவிடும்.

இந்தக் கடிதத்தை நான் இறையியல் நூலாக இங்கே பேச வரவில்லை. ஒரு மனிதனின் பெயரை எடுத்துக்கொண்டு இன்னொரு மனிதர் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நுட்பமான சான்றை நான் படித்ததில்லை என்பதால் பேசுகிறேன்.

பவுல் முதலில் அந்தப் பெயரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். முன்பு இவன் உனக்குப் பயனற்றவனாக இருந்தான், இப்போதோ உனக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்கிற பொருளில் எழுதுகிறார். பயனுள்ளவன் என்ற பெயர் கொண்டவனைப் பற்றி இப்படி எழுதினால் எஜமானின் முகத்தில் ஒரு புன்னகை வந்திருக்கும். அதற்கு அவர் பயன்படுத்தும் கிரேக்கச் சொற்கள் அக்ரெஸ்டோஸ், யூக்ரெஸ்டோஸ். அந்தக் காலத்து உச்சரிப்பில் கிரெஸ்டோஸ் என்ற ஒலியும் கிறிஸ்து என்ற பெயரும் காதுக்கு ஒன்றாகவே விழுந்திருக்கும். கிறிஸ்துவைச் சேராதவன், கிறிஸ்துவை நன்றாகச் சேர்ந்தவன் என்று இன்னோர் அர்த்தமும் அதற்குள் ஒலிக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். உன் ஆள் திருந்திவிட்டான், நன்றாக வேலை செய்வான், மன்னித்துச் சேர்த்துக்கொள் என்று சிபாரிசு செய்தால் போதும். எஜமானுக்கும் அதுதான் வேண்டியது. பவுல் அதோடு நிற்கவில்லை. இவன் சிறையில் நான் பெற்ற பிள்ளை என்று முந்தைய வரியிலேயே சொல்லிவிட்டார். என் உள்ளமே இவன்தான் என்கிறார். இனி இவனை அடிமையாகப் பார்க்காதே, அடிமைக்கு மேலானவனாக, அன்புச் சகோதரனாகப் பார் என்கிறார். நான் வந்தால் எப்படி ஏற்றுக்கொள்வாயோ அப்படியே இவனை ஏற்றுக்கொள் என்கிறார். பிறகு, எஜமான் மனத்தில் ஓடியிருக்கக்கூடிய கணக்கையும் அவரே எடுத்துப் பேசுகிறார். இவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் அதை என் பெயரில் எழுதிக்கொள், நான் தருகிறேன் என்று தன் கைப்பட எழுதிக் கொடுக்கிறார். நம் ஊரில் ப்ரோ நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கு ஒப்பானது அந்த வரி.

கடிதம் முடியப் போகும் இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. சகோதரனே, உன்னால் எனக்கு ஒரு பயன் கிடைக்கட்டும் என்று பிலேமோனிடம் கேட்கிறார் பவுல். அதற்கு அவர் தேர்ந்தெடுக்கும் வினைச்சொல், ஒனேசிமோஸ் என்ற பெயர் எந்த வேரிலிருந்து வந்ததோ அதே வேரிலிருந்து வரும் சொல். கிரேக்கம் தெரிந்த எஜமானின் காதில் இது விழாமல் போயிருக்காது. பயனுள்ளவனாக இருக்க வேண்டிய முறை இப்போது உன்னுடையது என்கிறார். அடிமையின் கழுத்தில் மாட்டியிருந்த பெயரை மெல்லக் கழற்றி, எஜமானின் கையில் கொடுக்கிறார். இத்தனை காலம் நீ இவனிடம் கேட்டதை இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தக் காலத்தின் சிந்தனையோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். அடிமை என்பவன் உயிருள்ள கருவி, கருவி என்பது உயிரில்லாத அடிமை என்று அரிஸ்டாட்டில் கருதினார். கருவியோடு நட்பு கொள்ள முடியாது, ஆகவே அடிமையோடும் முடியாது என்று எழுதியவர், உடனே ஒரு சந்து விட்டு வைத்தார்: அடிமை என்ற முறையில் முடியாது, மனிதன் என்ற முறையில் முடியும். அந்தச் சந்தின் வழியாக உள்ளே போய்ப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. அடிமைமுறை இயற்கையானது என்றே வாதிட்டு முடித்தார். நானூறு ஆண்டுகள் கழித்து ஒரு சிறைக்கைதியின் கடிதம் அந்த வழியில் கால் வைத்தது.

கருவியின் கதை பயன் தீர்ந்ததும் முடிந்துவிடும். ரோமின் மூத்த கேட்டோ, வேளாண்மை பற்றிய தன் கையேட்டில், பண்ணையாளன் விற்றுத் தள்ள வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறார். கிழட்டு மாடு, பழைய வண்டி, பழைய இரும்புச் சாமான், கிழ அடிமை, நோயாளி அடிமை, இன்னும் வேண்டாதது என்னென்ன உண்டோ அவை எல்லாம். ஒரே மூச்சில், ஒரே பட்டியலில். இதைப் படித்துவிட்டு, வேலை வாங்கிய மாட்டைக்கூட முதுமையில் என்னால் விற்க முடியாது என்று மனம் வருந்தி எழுதினார் புளூட்டார்க். நோய்ப்பட்ட அடிமைகளுக்கு வைத்தியம் பார்க்கும் செலவுக்குப் பயந்து, ரோம் நகரத்து எஜமானர்கள் அவர்களை டைபர் ஆற்றுத் தீவில் இருந்த மருத்துவக் கடவுளின் கோயிலில் விட்டுவிட்டு வந்தார்கள். அப்படிக் கைவிடப்பட்டவர்கள் பிழைத்தால் அவர்கள் சுதந்திரர்கள், எஜமானிடம் திரும்ப வேண்டியதில்லை என்று பேரரசர் கிளாடியஸ் ஆணையிட வேண்டியிருந்தது. அந்தத் தீவில் கிடந்தவர்களில் எத்தனை பேர் பயனுள்ளவன் என்று பெயர் கொண்டிருப்பார்கள்!

விடுதலையிலும் இந்தப் பயன்கணக்கு தொடர்ந்தது. டெல்பி நகரத்து அப்பல்லோ கோயிலில் ஒழுங்கற்ற பலகோணக் கற்களை இழைத்துக் கட்டிய ஒரு பெரிய தாங்குசுவர் இன்றும் நிற்கிறது. அதன் கற்களில் பொடிப்பொடியான எழுத்துகளில் விடுதலைப் பத்திரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. டெல்பியில் கிடைத்த இத்தகைய பத்திரங்கள் 1,000-க்கும் மேல். அடிமையால் சட்டப்படி ஒப்பந்தம் செய்ய முடியாது என்பதால் எஜமான் அவனை அப்பல்லோ தெய்வத்துக்கு விற்பதாக எழுதுவார்கள். பணத்தை அடிமையே சேர்த்துக் கொடுத்திருப்பான். பத்திரத்தின் வாசகம் ஒரே அச்சில் வார்த்தது: இன்னார் மகன் இன்னார், இந்தப் பெயருடைய ‘ஆண் உடல்’ ஒன்றை, இந்த விலைக்கு, பித்தியன் அப்பல்லோவுக்கு விற்றார். ஆண் உடல், பெண் உடல். மனிதன் என்ற சொல் விடுதலைப் பத்திரத்தில்கூட வரவில்லை. பலருடைய பத்திரத்தில் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்திருக்கும். விடுதலையானவர் எஜமான் சாகும்வரை அவரோடு தங்கி, சொன்ன வேலை எல்லாவற்றையும் செய்ய வேண்டும். பெயரளவில் விடுதலை, பயன் மட்டும் எஜமானுக்கே.

இதையெல்லாம் பழங்காலத்துக் கொடுமை என்று மூடிவைக்க முடியாதபடி, இந்தப் பெயர் 18-ஆம் நூற்றாண்டில் மறுபடி வருகிறது. 1706-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில், காட்டன் மாதர் என்ற புகழ்பெற்ற பாதிரியாருக்கு அவருடைய சபையார் ஒரு பரிசு கொடுத்தார்கள். பரிசு ஓர் ஆள். ஆப்பிரிக்காவில் பிறந்து, கடத்தி வரப்பட்டவர். பைபிளைக் கரைத்துக் குடித்த மாதர் அவருக்கு ஒனேசிமஸ் என்று பெயர் வைத்தார். பவுலின் கடிதத்தை மாதர் எத்தனை முறை படித்திருப்பார்! சகோதரனாக ஏற்றுக்கொள் என்று முடியும் கடிதத்திலிருந்து, பயனுள்ளவன் என்ற பெயரை மட்டும் பிடுங்கி எடுத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு அவர் தாய் வைத்த பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

உனக்கு எப்போதாவது பெரியம்மை வந்ததுண்டா என்று மாதர் ஒருநாள் கேட்டார். வந்தது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம் என்று பதில் வந்தது. தன் கையிலிருந்த தழும்பைக் காட்டினார் அவர். அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழை, நல்ல உடம்பில் சிறிதாகக் கீறி உள்ளே வைப்பார்கள். லேசாகக் காய்ந்து அடங்கிவிடும். பிறகு ஆயுளுக்கும் பெரியம்மை அண்டாது. எங்கள் ஊரில் இது வழக்கம் என்று விளக்கினார். 1716-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் மாதர் இதைப் பதிவு செய்தார்.

1721-இல் பாஸ்டனில் பெரியம்மை புகுந்தது. மாதர் ஊரின் மருத்துவர்களிடம் இந்த முறையைச் சொன்னார். ஏறக்குறைய எல்லோரும் எதிர்த்தார்கள். அடிமைகளின் பேச்சை நம்பி வைத்தியமா என்று ஏளனம் செய்தார்கள். ஸாப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற ஒரே ஒரு மருத்துவர் துணிந்து, ஜூன் 26 அன்று தன் 6 வயது மகனுக்கும், தன் அடிமை ஒருவருக்கும், அந்த அடிமையின் சிறு குழந்தைக்கும் கீறி வைத்தார். மூவரும் பிழைத்தார்கள். ஊர் கொதித்தது. மாதரின் வீட்டு ஜன்னல் வழியாக வெடிகுண்டு வீசப்பட்டது. நல்லவேளையாக அது வெடிக்கவில்லை. கொள்ளை நோய் ஓய்ந்தபோது கணக்குப் பார்த்தார்கள். ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த ஊரில் நோய் கண்டவர்கள் 5,889 பேர். இறந்தவர்கள் 844 பேர். கீறி வைத்துக்கொண்ட ஏறத்தாழ 240 பேரில் இறந்தவர்கள் 6 பேர். ஏழு பேரில் ஒருவர் என்ற சாவு, நாற்பது பேரில் ஒருவர் என்று குறைந்திருந்தது.

அந்த அறிவைத் தந்தவர் அப்போது மாதரின் வீட்டில் இல்லை. 1716-லேயே, தனக்குப் பதிலாக வேறொரு சிறுவனை வாங்கப் பணம் கொடுத்துவிட்டு வெளியேறியிருந்தார். அந்த விடுதலையிலும் நிபந்தனை இருந்தது. குடும்பத்தார் கூப்பிட்டால் வந்து பனி வார வேண்டும், விறகு அடுக்க வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும். டெல்பிச் சுவரில் வெட்டிய அதே நிபந்தனை, பதினெட்டு நூற்றாண்டுகள் கழித்து, கடல் கடந்து, ஒரு பாதிரியாரின் கையெழுத்தில்.

பவுலின் கடிதத்தையும் எஜமானர்கள் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார்கள். கடிதத்தில், அடிமைமுறையை ஒழி என்று ஒரு வரி இல்லை என்பது உண்மை. அந்த மௌனத்தைப் பிடித்துக்கொண்டு, ஓடிப்போன அடிமையைத் திருப்பி ஒப்படைப்பது வேதம் சொல்லும் கடமை என்று அமெரிக்கத் தென்மாநிலப் பிரசங்கிகள் பேசினார்கள். 1833-இல் ஜார்ஜியா மாநிலத்தில் சார்ல்ஸ் கால்காக் ஜோன்ஸ் என்ற பாதிரியார் இதே கடிதத்தை வைத்து, எஜமானுக்கு உண்மையாய் இருங்கள், ஓடிப்போகாதீர்கள் என்று அடிமைகளுக்குப் பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இப்படி ஒரு கடிதம் பைபிளிலேயே கிடையாது என்று சிலர் சொன்னார்கள். இது நற்செய்தியே இல்லை என்றார்கள் வேறு சிலர். இதையெல்லாம் ஜோன்ஸே தன் அறிக்கையில் எழுதிவைத்திருக்கிறார். அடிமைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது குற்றம் என்று சட்டம் இருந்த மண்ணில், படித்த பாதிரியாரைவிட அந்தக் கடிதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் எழுந்து போனவர்கள்தான்.

இங்கே என்னை நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். பாஸ்டன் ஒனேசிமஸை நாம் ஏன் நினைவு வைத்திருக்கிறோம்? இன்று அவரைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. பாஸ்டன் பெருமைப்படும் மனிதர்களின் வரிசையில் அவர் பெயரைச் சேர்க்கிறார்கள். நியாயம்தான், செய்ய வேண்டியதுதான். ஆனால் காரணம் என்ன? அவர் சொன்ன வைத்தியம் உயிர்களைக் காப்பாற்றியது, அவர் பயன்பட்டார். அதே ஊரில் அதே காலத்தில் தண்ணீர் சுமந்து, விறகு பிளந்து, எந்த அரிய அறிவையும் சொல்லாமல் செத்துப்போன நூற்றுக்கணக்கான அடிமைகளின் பெயர் நமக்குத் தேவைப்படவில்லை. அவருக்குச் சிலை வைத்தாலும், பயனுள்ளவர் என்பதற்காக மட்டும் வைத்தால், மாதர் வைத்த பெயரையே நாமும் ஒருமுறை அவருக்கு வைக்கிறோம்.

அடிமைச் சந்தைகள் மூடிவிட்டன. அந்தப் பெயர் வைக்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. வேலை கிடைக்காத பிள்ளையை, பெற்ற நாமே தண்டச்சோறு என்கிறோம். ஓய்வு பெற்ற அப்பா இரண்டாவது முறை காபி கேட்டால் முகம் சுளிக்கிறோம். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடிகிறவரை பாட்டிக்கு நகரத்து ஃப்ளாட்டில் இடம் உண்டு. முட்டி தேய்ந்து படுத்துவிட்டால் ஊருக்கு அனுப்பும் பேச்சு தொடங்குகிறது. மனிதர்களை ‘ரிசோர்ஸ்’ என்று அழைக்கும் அலுவலகங்களில், இருபது ஆண்டு உழைத்தவர் ஒரு மின்னஞ்சலில் வெளியேற்றப்படுகிறார். மாற்றுத்திறன் கொண்ட ஒரு குழந்தையைப் பெற்ற தாயிடம், இது வளர்ந்து என்ன செய்யும் என்று கேட்க நமக்கு நாக்கு கூசுவதில்லை. கேட்கிறவர்கள் கொடியவர்கள் இல்லை. நம்மைப் போன்ற நல்லவர்கள்தான். கேட்டோவும் தன் காலத்தில் நல்லவர் என்று பெயர் எடுத்தவர்.

பயன்படுவது சிறுமை என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு ஒருவர் உதவாமல் எந்த வீடும் ஊரும் நிற்காது. உழைப்பில் பெருமை உண்டு; நான்கு பேருக்கு உதவினேன் என்ற நிறைவைப் போல மனத்தை நிறைப்பது வேறு எதுவும் இல்லை. ஆனால் அது ஒரு மனிதன் தானாகக் கொடுக்கும் கொடை. கொடுப்பதற்கு முன்பே அவன் மனிதன், கொடுத்து ஓய்ந்த பிறகும் மனிதன், கொடுக்கவே முடியாமல் போனாலும் மனிதன். பயனைக் கொண்டு மனிதனை அளக்கத் தொடங்கினால், நோயும் முதுமையும் வருகிற அன்று ஒவ்வொருவரும் அந்த டைபர் தீவில் விடப்பட வேண்டியவர்கள்தான். அந்த அளவுகோலில் கடைசிவரை தேறுகிறவர் யாரும் கிடையாது.

நான்காம் நூற்றாண்டில், அதே ஆசியா மைனர் மண்ணில், நிஸ்ஸா நகரத்து ஆயர் கிரெகோரி, அடிமை வைத்திருந்தவர்களைப் பார்த்து நேருக்கு நேர் கேட்டார்: மனிதனுக்கு என்ன விலை போட்டீர்கள், எத்தனை காசு எண்ணிக் கொடுத்தீர்கள் என்று. அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அதற்குப் பதில் கிடையாது. பயன் என்ற சொல்லுக்கு அப்பால் ஒரு சொல் வேண்டும் என்று கொலோசெயின் ஒநேசிமுவுக்காக எழுதிய கடிதம் தேடிக் கண்டது சகோதரன் என்ற சொல்லை. ஒருவன் எனக்குச் சகோதரன் என்றால், அவன் என்ன தருவான் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லாமல் போகிறது. அவனுக்கு நான் என்ன தர வேண்டும் என்று கேட்கும் கடமை வந்துவிடுகிறது. பயனுள்ளவனாக இரு என்று இன்னொருவரிடம் கேட்க எந்த மனிதனுக்கும் உரிமை இல்லை. அந்தக் கேள்வியைத் தன்னிடம் மட்டுமே கேட்டுக்கொள்ளலாம்.

வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், தெருவில், அலுவலகத்தில் இவரால் இனி என்ன பிரயோசனம் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட ஒருவர் நிச்சயம் இருப்பார். இன்று அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவரை அவருடைய பெயரைச் சொல்லியோ முறை சொல்லியோ அழைத்துப் பேசுங்கள். எதையும் எதிர்பார்க்காமல் பேசுங்கள்.